நானூறு ரூபாய் ஒத்தி

ஆழித்துறையில் பெரிய கிட்டங்கியில் ஒத்திக்கு இருப்பவர்கள், கொடுத்த பணம் கைக்குத் திரும்பி வரும்வரை சாவதில்லை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் கதை என்பார்கள். எங்களுக்கு இது கடல் கரிக்கும் என்பதைப் போன்ற ஒரு செய்தி. இதைக் கேட்டு எங்கள் ஊரில் யாரும் வாயைப் பிளந்ததில்லை.

ஒத்தி என்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு. வீட்டுக்காரரிடம் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கலாம். அவர் பணத்துக்கு வட்டி தரவேண்டியதில்லை, இவர் வீட்டுக்கு வாடகை தரவேண்டியதில்லை. கெடு முடிந்து வீட்டைத் திரும்பக் கேட்கும்போது, கொடுத்த பணம் கொடுத்தபடியே, ஒரு காசு கூடாமல் குறையாமல் கைக்கு வரும். கிட்டங்கி என்ற அந்தச் சரக்குக் கிடங்கைக் கட்டியது, மருந்துக்குப் போகும் நிலாவாரை இலையையும் பஞ்சையும் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. கம்பெனி கப்பலேறிப் போனபிறகு அதை மலிவாக வாங்கிய சொர்ணவேல் என்பவர், இலை மூட்டைகள் கிடந்த கூடங்களைத் தடுத்து அறை அறையாக்கி ஒத்திக்கு விட்டார். அதற்கப்புறம்தான், பித்தக்காய்ச்சலில் விழுந்து நாடி அடங்கிவிட்டது என்று டாக்டர் கைவிட்ட கப்பல் குமாஸ்தா ஒருவர் மறுநாள் எழுந்து ரசம் கேட்டதும், மேல்மாடி உத்தரம் பெயர்ந்து தலையில் விழுந்த அரிசி வியாபாரி உத்தரத்தைத் தள்ளிவிட்டுக் கடைக்குப் போனதும், ஊரெல்லாம் வாந்திபேதியில் வாரிக்கொண்டு போன வருடம் கிட்டங்கியின் படிகளில் மட்டும் ஒரு பாடையும் இறங்காததும், ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஊர் எதையும் எடுத்துக்கொள்வதைப் போலத்தான் எடுத்துக்கொண்டது. இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் அந்த வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். பெண் கொடுக்கிறவர்கள், மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, கிட்டங்கியில் ஓர் அறை பிடித்துத்தர வழியிருக்கிறதா என்று கேட்டார்கள். சொர்ணவேல் ஒத்தித் தொகையை ஏற்றினார், இன்னும் ஏற்றினார், வந்த பணத்தில் ஒரு சினிமாக் கொட்டகையும் இரண்டு மச்சு வீடும் கட்டினார். சாகாத குடித்தனக்காரன் காலியும் செய்யமாட்டான் என்பது அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. குடியிருந்தவர்களுக்கும் ஒன்று தாமதமாகத்தான் உறைத்தது. சாகமாட்டார்கள் என்பதற்கு நோய் வராது என்று அர்த்தமில்லை. படுக்கையில் விழுந்தவர்கள் விழுந்தபடியே கிடந்தார்கள். முதுகு புண்ணாகி, நினைவு தப்பி, கண் மட்டும் திறந்திருக்க, போகவேண்டிய காலம் கடந்தும் போகமுடியாமல் கிடந்தார்கள். கடைசியில் பிள்ளைகள் தாங்கமாட்டாமல் கடனோ உடனோ வாங்கிக்கொண்டு சொர்ணவேலிடம் வந்து, "நீங்க கொடுக்கிற மாதிரி அப்பா கையில கொடுத்திருங்க" என்று பணத்தை நீட்டினார்கள். அவர் கொண்டுபோய்க் கொடுத்தார். பொழுது சாயுமுன் உயிர் போனது. அப்படியே ஒவ்வோர் அறையாகக் காலியானது. ஒருவர் இறந்துபோனார் என்பதை எங்கள் ஊரில் இன்றும், ஒத்தி திரும்பிவிட்டது என்றுதான் சொல்கிறோம்.

மிஞ்சியவர் கோயில்பிச்சை அண்ணாச்சி. நிலாவாரைத் தரகராக இருந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், வாலிபத்தில் நானூறு ரூபாய் கொடுத்து மேல்மாடிக் கிழக்கு அறைக்கு வந்தவர். இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டார். அவருக்கு ஒரு நோயும் இல்லை. தினமும் காலையில் காப்பி குடிக்கத் துறைமுகச் சாலையைக் கடந்து எதிர்க் கடைக்குப் போவார், பக்கம் பார்க்காமல் போவார். எத்தனையோ முறை லாரி அடித்துத் தூக்கி எறிந்திருக்கிறது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு காப்பிக்குப் போயிருக்கிறார். இடது கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். அந்தச் சாலையில் லாரி ஓட்டுபவர்கள் அவரைக் கண்டால் பிரேக் போடுவது அவருக்காக இல்லை, பம்பருக்காக.

இதற்கிடையில் சொர்ணவேலின் வாரிசுகள் கோயம்புத்தூருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போனவர்கள் சொத்து வரி கட்டவில்லை. நகராட்சி வரிக்கு அபராதம் போட்டது, அபராதத்துக்கு வட்டி போட்டது. பில் கலெக்டர் செல்வமீனாள் வருடா வருடம் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டி ஒட்டி, அந்தக் கதவு தட்டினால் சத்தம் கேட்காத அளவுக்குத் தடித்துப்போனது. இன்னொரு பக்கம் அரசாங்கம் வந்து, இது புராதனக் கட்டடம், இதில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்று நீல நிறப் பலகை ஒன்றை, நாலு ஆணி அடித்து, மாட்டிவிட்டுப் போனது. இடிக்காதே என்று ஒருவர், வரியைக் கட்டு என்று ஒருவர், விற்காதே என்று வழக்குப் போட்ட கடன்காரர்கள் சிலர்; குடியிரு என்று சொல்லத்தான் ஆளில்லை.

அந்தக் கட்டடத்தை வாங்கவேண்டும் என்று பிரகாசி முடிவு செய்தது பக்தியினாலோ பழமையின் மேலுள்ள பிரியத்தினாலோ அல்ல. இறால் கம்பெனியில் இறால் உரிக்கும் பெண்களுக்கு அவள் ஒரு விடுதி நடத்திக்கொண்டிருந்தாள். வாடகைக் கட்டடம், சொந்தக்காரர் அதைக் கல்யாண மண்டபமாக்கப்போகிறேன், சித்திரைக்குள் காலி செய் என்று சொல்லிவிட்டார். ராத்திரி ஷிப்டு முடித்து விடியும் நேரத்தில் விரல்களில் இறால் நாற்றத்தோடு வரும் பெண்களுக்கு வீடு கொடுக்க, பெண்ணைத் தெய்வம் என்று மேடையில் பேசும் எங்கள் ஊரில் ஒரு மனிதரும் முன்வரவில்லை. அவளுக்குக் கட்டுப்படியாகிற விலையில் இருந்த ஒரே கட்டடம் கிட்டங்கிதான், அதுவும் வில்லங்கங்களும் வரிபாக்கியும் வாங்குகிறவர் தலையில் என்ற ஒப்பந்தத்தின் பேரில்.

பத்திர எழுத்தர் ஐயாத்துரை வில்லங்கம் போட்டுப் பார்த்தார். வந்த சான்றிதழைக் கையில் பிடித்தபோது மறுமுனை தரையைத் தொட்டது. கலைந்துபோன சீட்டுக் கம்பெனியின் அடைமானம், மூடிப்போன பஞ்சாலை வாங்கிவைத்த ஜப்தி உத்தரவு, சொர்ணவேலின் இரண்டாம் தாரம் போட்ட ஜீவனாம்ச வழக்கு. பிரகாசி மாதக்கணக்கில் அலைந்தாள். செத்துப்போனவர்களின் வாரிசுகளைத் தேடிப்பிடித்து, அழவேண்டியவர்களிடம் அழுது, அதட்டவேண்டியவர்களை அதட்டி, ஒவ்வொன்றாகத் தீர்த்தாள். வரிபாக்கியைக் கட்ட வங்கி கடன் தரச் சம்மதித்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: சான்றிதழில் ஒரு வில்லங்கமும் இருக்கக்கூடாது. இருந்தது ஒன்றுதான். கோயில்பிச்சை, ஒத்தி, ரூபாய் நானூறு.

நானூறு ரூபாய்க்கு இன்று ஒரு நல்ல மீன் கிடைக்காது. அந்த நானூறைக் கொடுக்க ஆளில்லாமல்தான் இத்தனை வருடமாக அந்தக் கட்டடம் விலைபோகாமல் நின்றது. வாங்க வந்தவர்கள் எல்லோரும் தொகையைக் கேட்டுச் சிரித்தார்கள், பிறகு விவரம் கேட்டு மாடிப்படியோடு திரும்பிப் போனார்கள்.

வரிபாக்கிக்காகக் கட்டடத்தை ஏலம் விட நகராட்சி நாள் குறித்ததும் இறால் கம்பெனியின் மேலாளர் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, ஏலத்தில் கிட்டங்கியைக் கம்பெனியே எடுக்கும், எடுத்து வேலை செய்யும் பெண்களை அங்கேயே குடிவைக்கும், ஒவ்வொருத்தியின் பேரிலும் கம்பெனியே ஒத்திப் பணம் வரவு வைக்கும் என்று அறிவித்தார். ஊர் கைதட்டியது. எவ்வளவு தாராளம், இனி அந்தப் பெண்களுக்குச் சாவே இல்லை என்று தேநீர்க் கடைகளில் பேசிக்கொண்டார்கள். கைதட்டாமல் வீட்டுக்கு வந்தவள் பிரகாசி ஒருத்திதான். மறுநாள் அவள் கிட்டங்கியின் மாடியேறினாள்.

கோயில்பிச்சை அண்ணாச்சி பேப்பரில் சரக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விற்க ஒரு சரக்கும் இல்லை, ஆனாலும் பார்ப்பார்.

"உக்காரும்மா," என்றார். "முன்னால வந்தவனெல்லாம் அல்வாப் பொட்டலத்தோட வந்தான். நீ வெறுங்கையை வீசிக்கிட்டு வந்திருக்கே."

"அல்வாவைத் தின்னுக்கிட்டே பேசுத விஷயம் இல்ல அண்ணாச்சி. உங்க ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்னு வந்திருக்கேன்."

"கொடுத்தா நான் செத்துருவேன்."

"ஆமா."

"தெரிஞ்சுதான் வந்திருக்கியா?"

"தெரிஞ்சுதான்."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "எனக்குச் சாக இஷ்டமில்ல. அலுப்பு, சலிப்பு ஒண்ணும் கிடையாது. காப்பி நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் காத்து நல்லாத்தான் வருது. வயசானவன்னா சாகத் தயாரா உக்காந்திருப்பான்னு உனக்கு எவன் சொன்னான்?"

"எவனும் சொல்லல. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்."

"நான் வாங்கமாட்டேன்னு சொன்னா, கோர்ட்ல கட்டிறலாமாம்லா. சலான் கட்டிட்டா தீர்ந்துச்சுன்னு ஐயாத்துரை சொல்லிக்கிட்டுத் திரியுதான்."

"எங்கிட்டயும் சொன்னாரு. உங்களைக் கொல்லணும்னா உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் கொல்லுவேன். சலான் கட்டிக் கொல்லுத சோலி நமக்கு வேண்டாம்."

அவர் சிரித்தார். பல் நன்றாகவே இருந்தது. "சரி, ஏலத்துக்குப் போனா என்ன கெட்டுப்போச்சு? கம்பெனிக்காரன் எடுக்கட்டும். உன் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும். ஒருத்தியும் சாகமாட்டா."

"அதைத்தான் அண்ணாச்சி சொல்ல வந்தேன். போன ஐப்பசியில அமோனியா கசிஞ்சு ஒருத்தி செத்தா. கம்பெனி நஷ்டஈடு கொடுத்துச்சு, குழாயை மாத்துச்சு, எல்லாருக்கும் முகமூடி வாங்கிக் கொடுத்துச்சு. ஏன்? செத்தா காசு கொடுக்கணும். சாகாத ஆளுக்கு எதுக்கு முகமூடி? எதுக்குக் குழாய் மாத்தணும்? கசிஞ்சா கசியட்டும்னு விட்டிருவான். இவளுக நெஞ்சு வெந்து கிடந்துட்டு மறுநாள் ஷிப்டுக்கு எந்திரிச்சு வருவாளுக. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவனும் அவன்தான். எப்ப விடுறதுன்னு அவன்தான் சொல்லுவான்."

 கோயில்பிச்சையின் கை இடது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது.

"லாரி அடிச்சா வலிக்கத்தான் செய்யும்," என்றார். "ஊர்ல ஒரு பய அதைக் கேட்டதில்ல."

பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். "நீ கருவாட்டுத் தரகர் மச்சாது மகள்தான? விரல் பிடிக்கத் தெரியும்லா?"

எங்கள் ஊரில் தரகர்கள் வாயால் விலை பேசமாட்டார்கள். இருவர் கைகளையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்தும் மடக்கியும் பேரம் பேசுவார்கள்; சுற்றி நிற்பவர்களுக்குத் துணி அசைவது மட்டும்தான் தெரியும். அதற்குள் மாடிப்படியில் ஊர் கூடிவிட்டிருந்தது. துண்டுக்கடியில் அவருடைய கை நாட்களைக் கேட்டது, அவளுடைய கை குறைத்தது. அவர் மறுபடி கேட்டார், அவள் ஏல நாளை நினைத்துக்கொண்டு மறுபடி மடக்கினாள். அவர் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசியில் அவள் அந்த விரலை, அந்த ஒரு நாளை, அவரிடமே விட்டுவிட்டாள்.

"என்ன படிஞ்சுது?" என்று ஐயாத்துரை கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை கறிச்சோறு," என்றார் அண்ணாச்சி. "திங்கக்கிழமை காலைல பதிவு."

ஞாயிற்றுக்கிழமை ஊரே கிட்டங்கிக்கு வந்தது. விடுதிப் பெண்கள் கறி சமைத்தார்கள். வந்தவர்கள், உயிரோடிருக்கும் ஒருவரிடம் துக்கம் விசாரிக்கும் முறை தெரியாமல், சாப்பாடு நன்றாயிருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பாடை கட்டுகிறவர் அளவெடுக்க வந்தபோது அண்ணாச்சி, மூங்கில் பச்சையாக இருக்கிறது, காய்ந்ததைக் கொண்டுவா, தூக்குகிறவன் தோள் என்ன ஆகும் என்று கடிந்துகொண்டார். ஊருக்கு இன்னொரு கவலை இருந்தது. இத்தனை வருடம் தள்ளிப்போட்ட சாவுகள் எல்லாம் சேர்ந்து வருமே, அதை எப்படிக் கண்கொண்டு பார்ப்பது என்ற கவலை. எத்தனை லாரிகள், எத்தனை காய்ச்சல்கள், அந்த வாந்திபேதி வருடம். மனிதர் துண்டு துண்டாகத்தான் போவார் என்று சிலர் சொன்னார்கள். பாடைக்காரர் முன்யோசனையாக ஒரு சாக்கும் எடுத்துவைத்தார். பிரகாசி அன்று சாப்பிடவில்லை. பாத்திரங்களைத் தானே தேய்த்தாள்; தேய்த்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள்.

திங்கட்கிழமை காலை, துறைமுகச் சாலையிலேயே இருந்த சார்பதிவாளர் அலுவலகத்தின் வேப்பமரத்தடியில் பாடை சாத்தியிருந்தது, பக்கத்தில் மேளக்காரர்கள் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த சொர்ணவேலின் பேரன் யார் முகத்தையும் பார்க்காமல் கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தான். கட்டடம் பிரகாசியுடையதானது, கட்டடத்தோடு அதன் கடனும். வங்கிக்காரர் வரிபாக்கிக்கான டிடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதை வாங்கிப்போகச் செல்வமீனாள் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

பிரகாசி நாலு நூறு ரூபாய் நோட்டுகளை வலது கையில் வைத்து, இடது கையை முழங்கையில் சேர்த்துக்கொண்டு நீட்டினாள். பார்வை நோட்டுகளின்மேல் இருந்தது.

"மூஞ்சியைப் பார்க்கேன்னு சொன்னியே," என்றார். "பாரு."

அவள் பார்த்தாள். அவர் வாங்கிக்கொண்டார். மீட்புப் பத்திரத்தில் கைநாட்டு வைக்காமல், முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போய் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூச்சைப் பிடிக்கவும் ஓர் அளவு உண்டு. கொஞ்ச நேரத்தில் விட்டார்கள், பிறகு உட்கார்ந்தார்கள், பிறகு ஒருவர் இருவராகத் தேநீர் குடிக்கப் போய்வந்தார்கள். டிடி கைமாறியது. அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏல ஐயாத்துரை, இன்னும் எவ்வளவு நேரம்ல ஆகும்?"

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி?"

மதியம் சார்பதிவாளர் வெளியே வந்து, சாப்பாட்டு நேரம், அலுவலகத்தைப் பூட்டவேண்டும், சாகிறவர் வெளியே வந்து சாகலாம் என்றார். பெஞ்சை வேப்பமரத்தடிக்கு மாற்றினார்கள். வெயில் ஏறியது. மேளக்காரர்கள் கூலி கேட்டார்கள்.

செல்வமீனாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "பாக்கி நிக்குதுன்னா அபராதம் உண்டு, அபராதத்துக்கு வட்டி உண்டு. இத்தனை வருசத்துப் பாக்கி, ஒரேயடியாத்தான வரணும்? ஏன் வரல?"

"அது உங்க நகராட்சிக்கும்மா," என்றார் ஐயாத்துரை, குடையை விரித்தபடி, வேறெதையோ யோசித்துக்கொண்டு. "ஒத்திக்கு ஏது வட்டி?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. குடையை மடக்கினார். பாடை அருகில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்தது முதல் ஒத்தி வீடுகளில் வளர்ந்து, ஒத்தி கொடுத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுத்து, ஒத்தி வாங்கிப் பிள்ளையைப் படிக்கவைத்த ஊர் இது. கொடுத்தது கொடுத்தபடியே திரும்பும், கூடாது, குறையாது என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் ஊர். அந்த ஊரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. இதுவரை பணம் திரும்பியதெல்லாம் படுக்கையில் கிடந்து, போகமட்டுமே பாக்கியிருந்தவர்களுக்கு, அவர்கள் போனார்கள். நன்றாக நடமாடும் ஒருவர் கையில் அந்தப் பணத்தைக் கொடுத்துப் பார்க்க, எங்களில் யாருக்கும் பிரகாசிக்கு இருந்த தேவையும் இருந்ததில்லை, நேர்மையும் இருந்ததில்லை. கோயில்பிச்சைக்குத் திரும்பி வந்தது, வாலிபத்தில் அவர் அந்த அறைக்குள் நுழையும்போது வெளியே விட்டுவிட்டுப் போனது மட்டும்தான்: எல்லோருக்கும் உள்ள சாவு, எல்லோருக்கும் போலவே நாள் குறிக்காதது.

பிரகாசி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், நெடுநேரம் துடைத்தாள். அண்ணாச்சி அவள் பக்கம் நகர்ந்து, சட்டைப்பையிலிருந்து அந்த நாலு நோட்டுகளையும் எடுத்தார். எடுத்தவர் தோளிலிருந்த துண்டை இழுத்து அதற்குமேல் போட்டு மூடினார். அவள் கை துண்டுக்குள் இழுக்கப்பட்டது. நாலு நோட்டும் அவள் உள்ளங்கைக்கு வந்தன.

"இதை நீயே வச்சுக்கோ," என்றார் மெல்ல. "கெழக்கு அறை பழையபடி எனக்கே இருக்கட்டும். பத்திரம் கித்திரம் வேண்டாம். நமக்குள்ள."

அவர் கேட்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். வாங்கிக்கொண்டால் போதும், கதவை மறுபடி சாத்தியதுபோல் ஆகிவிடும், இந்த மனிதர் இனி எதற்கும் பயப்படவேண்டாம், அவளும் அவரைப் பற்றிப் பயப்படவேண்டாம். ஆனால் ஒருவருக்குச் செய்துகொடுத்ததை நாளை அறையறையாக வந்து கேட்பார்கள், கேட்கிறவர்களில் கம்பெனிக்காரனும் இருப்பான். துண்டுக்குள் அவள் விரல்கள் நோட்டுகளின்மேல் மூடின, பிறகு திறந்தன.

"வாடகைன்னா வாங்குதேன்," என்றாள் உரக்க, எல்லோருக்கும் கேட்கும்படி. "மாசாமாசம் ரசீது தருவேன். தண்ணிக்குத் தனிக் காசு. ஒத்தின்னா வேண்டாம்."

துண்டு அசையாமல் இருந்தது. அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு வேப்பமரத்தில் சாத்தியிருந்த மூங்கிலைப் பார்த்தார். பச்சை மூங்கில்தான், சொன்னது கேட்கவில்லை.

"வாடகைதான்," என்றார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். காலையிலிருந்து காப்பி குடிக்கவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம் கடை திறந்திருந்தது. எப்போதும்போல் நேரே நடந்தார். முன்னால் போன கால் தார் விளிம்பைத் தொட்டதும் திரும்பி வந்தது. நின்றார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று துறைமுகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியைக் கண்டதும் டிரைவர் வழக்கம்போல் பிரேக் போட்டு நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான்.

"போங்க அண்ணாச்சி."

அவர் போகவில்லை. பின்னால் வந்து நின்ற பிரகாசியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ முதல்ல போப்பா," என்றார்.